தேவையானது ஒன்றே: எளிய விசுவாசம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சபையில் 20 வருஷத்துக்கு மேலாக ஞாயிறு பள்ளியும் வாலிபர் வேதபாடமும் எடுத்து வருகிறேன். நான் போதகர் இல்லை, இறையியல் படித்தவனும் இல்லை. கூட்டம் முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் யாராவது ஒருவர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து ஒன்று கேட்பார், கூட்டத்தில் கேட்ட கேள்விகளை விட அதுதான் அவருடைய சொந்தக் கேள்வியாக இருக்கும். அப்படித் திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். லூக்கா 10-ஆம் அதிகாரத்தில், தங்கை மரியாள் இயேசுவின் பாதத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க, தனியாகப் பணிவிடை செய்து அலுத்துப்போன மார்த்தாளிடம் இயேசு "தேவையானது ஒன்றே" என்று சொல்கிறாரே, அந்த வார்த்தையைச் சுற்றித்தான் எல்லாக் கேள்விகளும் வருகின்றன.

எளிய விசுவாசம் என்றால் என்ன? எளிய உடை, எளிய வீடு, அதுவா?

அதுவும் பின்னால் வரும். ஆனால் ஆரம்பம் அங்கே இல்லை. மத்தேயு 6:22-ல் "உன் கண் தெளிவாயிருந்தால், உன் சரீரம் முழுவதும் வெளிச்சமாயிருக்கும்" என்று வாசிக்கிறோம். "தெளிவு" என்று நமக்கு வந்திருக்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் ஹாப்லூஸ். ஒற்றையான, கலப்பில்லாத என்று அதற்குப் பொருள். அந்த வசனத்துக்கு முன்னால் இயேசு பூமியில் சேர்க்கிற பொக்கிஷம் பற்றிப் பேசுகிறார், பின்னால் இரண்டு எஜமான்களைப் பற்றிப் பேசுகிறார். நடுவில் இந்தக் கண். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் பார்க்க முயல்கிற கண்ணுக்கு எதுவும் சரியாகத் தெரியாது என்பதுதான் விஷயம். கொரிந்து சபையாருக்கு எழுதும்போது, உங்கள் மனது கிறிஸ்துவை விட்டு விலகிப் போய்விடுமோ என்று பவுல் பயப்படுகிறாரே (2 கொரிந்தியர் 11:3), அங்கேயும் இதே சொல்லின் குடும்பத்துச் சொல்தான் நிற்கிறது.

ஆக, எளிமை என்று நான் சொல்வது கண்ணைப் பற்றியது. பத்துக் காரியம் செய்கிற மனுஷனும் எளிமையாக இருக்கலாம், ஒன்றுமே செய்யாமல் திண்ணையில் இருக்கிறவருக்கு மனசு பத்துத் துண்டாகக் கிடக்கலாம்.

நம் ஊரில் எப்போதும் ஏதாவது ஆராதனை, கூட்டம், கன்வென்ஷன். எல்லாம் நல்ல காரியம்தானே, அது எப்படித் தடையாகும்?

2011 கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தில் 100 பேரில் ஏறத்தாழ 47 பேர் கிறிஸ்தவர்கள். ஒரு பஸ்ஸில் களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை வந்தாலே எத்தனை கோயில், எத்தனை குருசடி, எத்தனை ஜெபவீடு என்று எண்ணி முடியாது. இது பெரிய ஆசீர்வாதம், நான் இதைக் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் இவ்வளவு இருக்கிற இடத்தில்தான் ஒன்றைத் தொலைப்பது சுலபம்.

எங்கள் வீட்டுப் பின்னால் கொஞ்சம் வாழை நிற்கிறது. ஏத்தனும் மட்டியும். வாழை வைத்தவர்களுக்குத் தெரியும், தாய் வாழை குலை தள்ளும் முன்பே அடியிலிருந்து பக்கக்கன்று கிளம்ப ஆரம்பிக்கும், இரண்டு, மூன்று, சில சமயம் ஐந்தாறு. பார்க்க அழகாக, பச்சையாக, வாழை செழிப்பாக இருப்பது போலவே இருக்கும். அப்படியே விட்டால் குலை சிறுத்துப்போகும், காய் விரல் தடிமனுக்கு நின்றுவிடும். அதனால் அரிவாளை எடுத்து மண்ணோடு சேர்த்து அறுக்க வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது, பக்கக்கன்று களை கிடையாது. வெளியிலிருந்து வந்தது இல்லை. அதே கிழங்கிலிருந்து வந்த நல்ல வாழைதான், ஆனால் தாய்க்குப் போக வேண்டிய சத்தைக் குடிக்கிறது. பாடகர் குழு, சபைத் தேர்தல், கட்டட நிதி, ஐந்து வாட்ஸ்அப் ஜெபக்குழு எல்லாம் நம் விசுவாசத்தின் கிழங்கிலிருந்து முளைத்தவைதான். விசுவாசத்தைக் கெடுக்க வந்த எதிரி எதுவும் இங்கே இல்லை, அதனால்தான் நமக்கு அறுக்க மனசு வருவதில்லை.

இன்னொன்று, ஒரு தடவை அறுத்தால் போதாது. சில வாரத்தில் திரும்பவும் வரும்.

மார்த்தாளை இயேசு கண்டித்தார் சரி. எல்லாரும் மரியாள் மாதிரி உட்கார்ந்துவிட்டால் அன்னைக்குச் சோறு யார் பொங்குவது?

இந்தக் கேள்வியை எப்போதும் பெண்கள்தான் கேட்கிறார்கள், கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. சபையில் அன்பின் விருந்து வைக்கும் நாளில் பின்னால் போய்ப் பாருங்கள். காலை மூன்று மணியிலிருந்து தேங்காய் துருவி, அரிசி களைந்து, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிற அம்மாக்களுக்கு உள்ளே நடக்கிற பிரசங்கத்தில் ஒலிபெருக்கி சத்தம் மட்டும்தான் கேட்கும். அப்புறம் அந்தப் பிரசங்கத்தில் "மார்த்தாளைப் போல இருக்காதீர்கள்" என்று சொன்னால் அவர்களுக்கு எப்படி இருக்கும்!

வசனத்தை நிதானமாக வாசிக்க வேண்டும். இயேசு சமையலைக் குறை சொல்லவில்லை. "நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்" என்கிறார். லூக்கா மார்த்தாளைப் பற்றி எழுதும் கிரேக்கச் சொல்லுக்கு நாலா பக்கமும் பிடித்து இழுக்கப்படுவது என்று அர்த்தம். அவள் கை அடுப்பில், கண் தங்கையின் மேல், மனசு 'எனக்கு மட்டும் ஏன் இந்தக் கஷ்டம்' என்பதில். அந்த இழுபறியிலிருந்துதான் அவளை வெளியே கூப்பிடுகிறார், அதுவும் "மார்த்தாளே, மார்த்தாளே" என்று பெயரை இரண்டு தடவை சொல்லி. பாசம் இல்லாதவர் அப்படிக் கூப்பிட மாட்டார். யோவான் 11-ல் அவளுடைய சகோதரன் லாசரு இறந்தபோது இயேசுவை எதிர்கொண்டு போய், "நீர் தேவகுமாரனாகிய கிறிஸ்து" என்று அறிக்கை செய்வதும் இதே மார்த்தாள்தான், இதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

நாகர்கோவிலில் 1820-களில் பெண்களுக்கு லேஸ் பின்னல் கற்றுக்கொடுத்த மிஷனரி அம்மாவின் பெயரும் மார்த்தாதான், மார்த்தா மால்ட். அந்தப் பின்னலில் வந்த காசைக் கொடுத்து அடிமைத்தனத்திலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. கைவேலை நிறைந்த விசுவாசத்தை யாரும் சின்னதாகச் சொல்ல முடியாது.

ஒரு யோசனை மட்டும்: அன்பின் விருந்துக்குச் சமைக்கிற முறையை ஆண்களும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் சபையில் வாலிபர்கள் இரண்டு வருஷமாகச் செய்கிறார்கள், சாம்பார் நன்றாகவே வருகிறது.

ஜெபிக்க உட்கார்ந்தால் மனசு நிற்கவே மாட்டேன் என்கிறது. கரண்ட் பில், பிள்ளை பீஸ், யாரோ சொன்ன வார்த்தை எல்லாம் அப்போதுதான் வருகிறது. என்ன செய்ய?

எனக்கும் அப்படித்தான் வருகிறது, இத்தனை வருஷத்துக்கு அப்புறமும்.

என் அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. பால் நன்றாக இறங்குவது விடியற்காலையில் என்பதால் இருட்டோடு போய்விடுவார், தலையில் விளக்கு, இடுப்பில் கத்தி. சின்ன வயசில் நான் கூடப் போவேன். ஒரு நாளுக்கு 300 மரம். ஒவ்வொரு மரத்திலும் நேற்று வெட்டிய சரிவுக்கோட்டின் மேல் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை இழுத்து எடுத்துவிட்டு, பட்டையை நகக்கனத்துக்குச் சீவுவார். கொஞ்சம் மேலாகப் போனால் பால் வராது. கொஞ்சம் உள்ளே போனால் தடியில் பட்டுவிடும், அந்த இடம் முண்டும் முடிச்சுமாகி அப்புறம் வெட்டவே முடியாமல் போகும். சீவியதும் ஒரு நொடி நின்று, வெள்ளைப் பால் முத்து முத்தாகக் கிளம்பி, கோட்டில் ஒன்று சேர்ந்து, சிரட்டையில் முதல் சொட்டு விழுவதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த மரத்துக்குப் போவார். ஒருநாள் "சீக்கிரம் வாங்கப்பா" என்று அவசரப்படுத்தினேன். "கை இந்த மரத்தில நிக்கும்போ கண்ணு அடுத்த மரத்துக்குப் போச்சுண்ணா, கத்தி தடியில ஏறிரும் மக்களே" என்றார்.

ஜெபத்தைப் பற்றி நான் கேட்ட பாடங்களில் இதுதான் எனக்கு உதவியது. 300 மரத்தையும் ஒரே நேரத்தில் வெட்ட வேண்டாம். கரண்ட் பில் மனசில் வந்தால் அதைத் துரத்தப் பாடுபடாதீர்கள், அதையே ஒரு வரியில் கர்த்தரிடம் சொல்லிவிட்டு அடுத்ததுக்கு வாருங்கள். நேரத்தைக் குறையுங்கள். அரை மணி நேரம் என்று தீர்மானம் எடுத்து மூன்றாம் நாள் விட்டுவிடுவதை விட, பத்து நிமிஷம் தினமும். இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை மெதுவாக, ஒவ்வொரு வரிக்கும் நின்று சொல்லிப் பாருங்கள், அதில் கேட்கிற ஆகாரம் கூட அன்றன்றைக்கு உள்ளதுதான்.

கத்தோலிக்க நண்பர்கள் ஜெபமாலை சொல்கிறார்கள். ஒரே ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது இயேசு வேண்டாம் என்ற "வீண்வார்த்தை" இல்லையா?

மத்தேயு 6:7-ல் இயேசு தடுப்பது, நிறையப் பேசினால்தான் தேவன் கேட்பார் என்ற நினைப்பை. திரும்பச் சொல்வதையே தடுத்திருந்தால் 136-ஆம் சங்கீதத்தை என்ன செய்வது, 26 வசனத்திலும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று வருகிறதே. கெத்செமனேயில் இயேசுவே மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு 26:44 சொல்கிறது. ஜெபமாலை சொல்பவர்கள் மணி உருட்டும்போது இயேசு, மரியாள் வாழ்க்கைச் சம்பவங்களை ஒவ்வொன்றாகத் தியானிக்கிறார்கள், வாய் ஒன்றைச் சொல்ல மனசு ஒன்றில் நிற்க. நான் சிஎஸ்ஐ என்கிற தென்னிந்தியத் திருச்சபைக்காரன், எங்கள் வழக்கம் வேறு. ஆனாலும் கோட்டாறு பக்கத்து ஒரு பாட்டி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மணியைப் பிடித்திருக்கிற அமைதியைப் பார்த்துவிட்டு, அதை வீண் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நீளமாக, அடுக்குமொழியில், பக்கத்தில் இருப்பவர் கேட்க வேண்டும் என்று ஜெபிக்கிற நம் பழக்கத்தைத்தான் அந்த வசனத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

வருஷத்துக்கு ஒரு முறை முழு வேதாகமத்தையும் வாசித்து முடிக்கும் திட்டத்தில் இருக்கிறேன். ஓடத்தான் செய்கிறேன், ஒன்றும் நிற்கவில்லை.

1,189 அதிகாரம், ஒரு நாளுக்கு மூன்றுக்கு மேல். முடித்தவர்களை மதிக்கிறேன், நானும் இரண்டு தடவை முடித்திருக்கிறேன். நிற்கவில்லை என்றால் ஒரு வருஷம் அதை நிறுத்திவிட்டு, ஒரே ஒரு புத்தகத்தை எடுங்கள். மாற்கு நல்லது, 16 அதிகாரம்தான். முடிந்ததும் திரும்பவும் மாற்கு.

ஒரு புத்தகம் ஒரு மனுஷனை என்ன செய்யும் என்பதற்கு நம் மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் அரசுப் பணியில் இருந்தவர். வீட்டில் அடுத்தடுத்து நஷ்டம் வந்து மனசு உடைந்திருந்தபோது, குளச்சல் போரில் பிடிபட்டு அப்புறம் அரசருடைய படைக்கே தளபதியான டச்சுக்காரர் டிலனாய் அவருக்கு எல்லாம் இழந்தும் தேவனை விடாத யோபுவின் கதையை வேதத்திலிருந்து சொன்னார். அவ்வளவுதான் ஆரம்பம். 1745-ல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்ற பெயரில் ஞானஸ்நானம் எடுத்தார். பதவி போனது, விலங்கு போட்டு எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். விசுவாசத்துக்கு வந்து ஏழு வருஷம்கூட ஆகவில்லை. எத்தனை புத்தகம் படித்திருப்பார், எத்தனை கூட்டத்துக்குப் போயிருப்பார்? கேட்ட ஒன்றை விடாமல் பிடித்தார்.

2022 மே 15 அன்று ரோமில் அவரைப் புனிதராக அறிவித்த அதே ஆராதனையில் அறிவிக்கப்பட்ட இன்னொருவர் ஷார்ல் தெ ஃபூக்கோ. பிரான்ஸில் பணக்கார வீட்டில் பிறந்து, சகாரா பாலைவனத்தில் துவாரெக் மக்கள் நடுவே தனியாக வாழ்ந்து, நாசரேத்தில் இயேசு யாருக்கும் தெரியாமல் வாழ்ந்த வாழ்க்கையையே தன் வாழ்க்கையாக எடுத்துக்கொண்டவர். இந்த இரண்டு பேரையும் சேர்த்து நினைப்பது எனக்குப் பிடிக்கும்.

தினமும் யூடியூபில் நாலு பிரசங்கம் கேட்கிறேன், காலையில் வாக்குத்தத்த வசனமும் வருகிறது. அது போதாதா?

கேட்பது தப்பில்லை. ஆனால் நாலாவது பிரசங்கம் முடியும்போது முதல் பிரசங்கத்தில் என்ன சொன்னார்கள் என்று உங்களால் சொல்ல முடியுமா? சொல்ல முடிந்தால் தொடருங்கள். முடியாவிட்டால் ஒன்றைக் கேட்டு, போனை வேறு அறையில் வைத்துவிட்டு, அது உங்களிடம் என்ன செய்யச் சொல்கிறதோ அதை அன்றைக்கே செய்யுங்கள். வாக்குத்தத்த வசனத்தைப் பற்றி ஒன்று: அதை 20 பேருக்கு அனுப்புவதற்கு முன்னால், அந்த அதிகாரத்தை எடுத்து மேலும் கீழும் இரண்டு வசனம் வாசியுங்கள்.

கல்யாணம், நகை, வீடு... இதில் எளிமை சாத்தியமா? ஊர் என்ன சொல்லும்?

இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன், மன்னியுங்கள். நம் மாவட்டத்தில் படிப்பு உண்டு, வேதம் உண்டு, ஆனால் பெண் பார்க்கப் போன வீட்டில் ஜெபம் பண்ணி முடித்த அடுத்த நிமிஷமே பவுன் கணக்குப் பேசுகிறோம். "நாங்க ஒண்ணும் கேக்கல்ல, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதுதானே" என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டில் எவ்வளவு போட்டார்கள் என்று காதில் விழும்படி சொல்வதும் கேட்பதுதான். ரப்பர்த் தோட்டத்தை விற்று, வட்டிக்கு வாங்கி, இரண்டு மகள்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு 60 வயசில் மறுபடியும் கூலி வேலைக்குப் போகிற அப்பாக்களை எனக்குத் தெரியும். தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் சேர்ந்து ஊழியம் செய்ய முடியாது என்று இயேசு சொன்னது இந்த வரவேற்பறையைப் பார்த்துத்தான் என்று எனக்குத் தோன்றும்.

மாப்பிள்ளையாகப் போகிற தம்பிகளே, இதை நிறுத்துகிற சக்தி உங்கள் கையில்தான் இருக்கிறது. அம்மா அப்பாவிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பெண் வீட்டில் போய் உட்கார்ந்த பிறகு பேசினால் நேரம் தாண்டிவிடும்.

வளைகுடாவில் 12 மணி நேர வேலை. ஆராதனைக்கும் போக முடியவில்லை. என் விசுவாசம் போய்விடுமோ?

போகாது தம்பி. பாரிஸில் 17-ஆம் நூற்றாண்டில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒரு துறவி இருந்தார், மடத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவுவதும் அப்புறம் செருப்பு தைப்பதும்தான் வேலை. கோயிலில் முழங்கால் படியிடும்போது இருக்கிற அதே கவனத்தோடு அடுப்படியிலும் தேவனோடு இருக்கப் பழகினார். தூத்தூர் பக்கத்து மீனவர்கள் சுறா பிடிக்க ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் கரை காண்பதில்லை, அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமை படகில்தான். வேலைக்கு இறங்கும் முன் ஒரு வரி, முடித்து ஏறும்போது ஒரு வரி. இதை விடாதீர்கள். லீவில் ஊருக்கு வரும்போது கோயிலுக்கு வாருங்கள், நாங்கள் இடம் வைத்திருப்போம்.

ஒன்றையே பார், எளிமையாக இரு என்றால் சமுதாயத்தில் நடக்கிற அநியாயத்தைப் பற்றிப் பேசாமல் இருக்கச் சொல்கிறீர்களா?

இல்லவே இல்லை. நம் முன்னோர்களின் கதையே இதற்குப் பதில். 1806-ல் நம் மாவட்டத்து மயிலாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி ரிங்கல்தௌபே, கையில் கிடைத்ததை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுக் கிழிந்த உடையோடு நடந்தவர். தஞ்சாவூரில் சுவிசேஷம் கேட்டுத் திரும்பிய மயிலாடி வேதமாணிக்கம்தான் அவரை இங்கே வரவழைத்தவர், 1816-ல் ரிங்கல்தௌபே போனபோது சபைகளைப் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். அந்த எளிய சபைகளிலிருந்துதான் பள்ளிக்கூடங்கள் வந்தன, அதிலிருந்துதான் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் தங்களுக்கு மறுக்கப்பட்டிருந்த மேலாடை அணியும் உரிமையைக் கேட்டு எழுந்தார்கள். 1820-களில் தொடங்கி, 1859-ல் திருவிதாங்கூர் அரசின் ஆணை வரும்வரை, சந்தையில் துணி கிழிக்கப்பட்டும் அடிபட்டும் அவர்கள் விடவில்லை. தேவன் தங்களைப் பார்க்கிறார் என்ற ஒன்றை நிச்சயமாகப் பிடித்தவர்களுக்கு மேல்சாதிக்காரர் முகத்தைப் பார்த்து நடுங்க வேண்டியிருக்கவில்லை. மீகா 6:8-ஐ எடுத்து வாசியுங்கள், நியாயமும் இரக்கமும் மனத்தாழ்மையும் ஒரே வசனத்தில்தான் இருக்கின்றன.

துக்கம் வந்தால் இந்த எளிய விசுவாசம் தாங்குமா? ஜெபிக்க வார்த்தையே வராத நாளில் என்ன செய்வது?

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தது. கடலுக்குப் போனவர்கள் திரும்பாத நாட்களில் சபையிலிருந்து சிலர் அரிசியும் பாயும் எடுத்துக்கொண்டு சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் போனோம். நான் ஜெபிக்க வேண்டும் என்று கூட வந்தவர்கள் எதிர்பார்த்தார்கள். ஒரு வீட்டு வாசலில் ஒரு அம்மா கடலைப் பார்த்தபடியே இருந்தார், "ஏசுவே, ஏசுவே" என்று மட்டும் சொல்லிக்கொண்டு. அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. என் பையில் குறித்துவைத்திருந்த வசனங்களை நான் எடுக்கவே இல்லை, பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாதபோது ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. அதுவரை அதைப் பலமுறை பாடம் எடுத்திருக்கிறேன். அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வார்த்தை வராவிட்டால் அந்தப் பெயரை மட்டும் சொல்லுங்கள். அதுவும் வராவிட்டால் உங்களுக்காகச் சொல்ல ஒருவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

சரி, எங்கிருந்து ஆரம்பிக்க?

ஒன்றை விடுங்கள், அந்த நேரத்தில் ஒன்றைச் செய்யுங்கள். நான் மூன்று கமிட்டியில் இருந்தேன், போன வருஷம் இரண்டிலிருந்து விலகினேன். சிலருக்கு வருத்தம்தான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் இப்போது அப்பா வீட்டுக்குப் போகிறேன். அவருக்குக் கண் தெரிவதில்லை, கத்தியைத் தொட்டுப் பல வருஷம் ஆகிறது. கட்டங்காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு மாற்கு வாசிப்பேன், ஒரு நாளுக்கு ஒரு அதிகாரம் என்று வைத்திருந்தோம். போன வாரம் 9-ஆம் அதிகாரம். வலிப்பு வருகிற மகனைக் கொண்டுவந்த தகப்பன் கண்ணீரோடு, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று சொல்கிற இடம் வந்ததும் அப்பா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். அந்த வசனத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை. "இண்ணைக்கு இது போதும் மக்களே" என்றார். மீதி வசனங்களை வருகிற செவ்வாய் வாசிக்க வேண்டும்.